ஃபேகாப்ஸ் ட்ரைலோபைட்டோட கண்ணு நிஜமாவே கல்லா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். மொராக்கோ ஃபேகாப்ஸ்னு சொல்லி ஒரு ட்ரைலோபைட் ஃபாசில் வாங்கியிருக்கீங்க, வித்தவர் "இதுக்கு உயிரோட இருந்தப்பவே கண்ணு கல்லுதான்"னு சொன்னாராம், அது நிஜமா இல்ல சும்மா அளந்து விட்டதான்னு ஒண்ணு. இத்துனூண்டு பூச்சி பரிணாமத்தைப் பத்தின பேச்சுல ஏன் அடிக்கடி வருதுன்னு இன்னொண்ணு. ரெண்டுக்குமே பதில் அந்தக் கண்ணுலதான் இருக்கு, அதனால பிரிக்காம சேத்தே சொல்றேன், நீளமா போகும், பொறுமையா படிங்க.

வித்தவர் சொன்னது பெரும்பாலும் சரி. ட்ரைலோபைட் கண்ணோட லென்ஸ் கால்சைட்ங்கற கனிமம், அதாவது சுண்ணாம்புக்கல்லும் மார்பிளும் எதால ஆனதோ அதே பொருள். இதுல ஒரு சண்டையும் நடந்திருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல ட்ரைலோபைட்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. நண்டு, இறால், தேள், வண்டு எல்லாம் இருக்கற கணுக்காலி கூட்டத்துல ஒரு கிளை. சுமார் 52 கோடி வருஷம் முன்னாடி கடல்ல வந்து, 25 கோடி வருஷம் முன்னாடி முழுசா அழிஞ்சு போச்சு. முதுகு ஓடு நீளவாக்குல மூணு பாகமா, நடுவுல ஒரு மேடும் ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சரிவுமா இருக்கறதாலதான் அந்தப் பேரு. இதுவரைக்கும் 20,000க்கு மேல இனங்களுக்குப் பேர் வெச்சிருக்காங்க. ஃபேகாப்ஸ் அதுல ஒரு பேரினம், டெவோனியன் காலத்துது, அதாவது சுமார் 42 கோடி வருஷத்துல இருந்து 36 கோடி வருஷம் வரைக்குமான காலம்.

ஃபேகாப்ஸ்ங்கற பேரை 1839ல எம்ரிக்னு ஒரு ஜெர்மன்காரர் வெச்சார். கிரேக்கத்துல ஃபாகோஸ்னா பருப்பு, நம்ம மைசூர் பருப்பு மாதிரி ரெண்டு பக்கமும் உப்பின தட்டைப் பருப்பு, ஆப்ஸ்னா கண்ணு. பருப்புக் கண்ணன். லென்ஸ்ங்கற வார்த்தையே லத்தீன்ல அதே பருப்போட பேருதான், அந்த வடிவத்தைப் பாத்துதான் கண்ணாடி லென்ஸுக்கும் அந்தப் பேர் வந்துச்சு, ஆக இந்தப் பேரு இந்தப் பூச்சிக்கு ரெண்டு விதத்துல பொருந்தி நிக்குது. அமெரிக்காவுல கிடைக்கற பிரபலமான இனத்துக்கு ஃபிலடெல்ஃபியாவுல இருந்த ஜேக்கப் கிரீன் 1832ல ரானான்னு பேர் வெச்சார், லத்தீன்ல தவளை. அந்தப் பூச்சியோட தலையை முன்னாடியில இருந்து பாத்தீங்கன்னா ஏன் தவளைன்னு உடனே புரியும், நடுவுல பொரிப்பொரியா புடைச்ச மூக்கு மாதிரி ஒரு மேடு, ரெண்டு பக்கமும் முழிச்சுப் பாக்கற ரெண்டு கண்ணு. 1990ல வுல்ஃப்காங் ஸ்ட்ரூவேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இந்த ரானாவை ஃபேகாப்ஸ்ல இருந்து பிரிச்சு எல்ட்ரெட்ஜியாப்ஸ்னு தனிப் பேரினம் ஆக்கிட்டார். அதனால பழைய எழுத்துல ஃபேகாப்ஸ் ரானான்னும் புதுசுல எல்ட்ரெட்ஜியாப்ஸ் ரானான்னும் இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான், குழம்பாதீங்க. பென்சில்வேனியா மாநிலம் 1988ல இதைத்தான் தன்னோட மாநில ஃபாசிலா அறிவிச்சது, அது பேர் மாறறதுக்கு முன்னாடி. அந்த எல்ட்ரெட்ஜ் யாருன்னு கீழ வரும், இந்தக் கதையோட முக்கியமான ஆளே அவர்தான்.

இப்ப கண்ணு. என்கிட்ட ஒண்ணு இருக்கு, நியூயார்க் மாநிலத்துல பஃபலோ பக்கத்துல ஹாம்பர்க்னு ஒரு ஊர், அங்க பென் டிக்ஸின்னு பழைய குவாரி இருக்கு, ஒரு காலத்துல சிமெண்டுக்காக ஷேல்ங்கற களிமண் பாறையை வெட்டின இடம், இப்ப டிக்கெட் வாங்கிட்டு யார் வேணா போய்த் தோண்டலாம், கிடைச்சதை வீட்டுக்கும் எடுத்துட்டு வரலாம். சாம்பல் நிற ஷேல், கையால அழுத்தினாலே ஏடு ஏடா பிரியும், 38 கோடி வருஷப் பழசு. நான் போனப்ப முந்தின நாள் மழை பெஞ்சு மேல் மண்ணு கழுவிப் போயிருந்துச்சு, மூணு மணி நேரம் சுத்தியல் தட்டியும் ஒண்ணும் சரியா வரல, கிளம்பலாம்னு எழுந்தப்ப கால் கிட்ட கோலிகுண்டு மாதிரி ஒண்ணு கிடந்துச்சு. எடுத்து எச்சில் தொட்டுத் துடைச்சுப் பாத்தா முழுசா சுருண்ட ஒரு ரானா. மரவட்டையைத் தொட்டா சுருண்டுக்குமே, அச்சு அசல் அதே மாதிரி. வால் ஓடு தலைக்கு அடியில இருக்கற பள்ளத்துல டப்பா மூடி மாதிரி கச்சிதமா உக்காந்திருக்கு, நடுவுல உடம்போட 11 கணுவும் விசிறி மாதிரி விரிஞ்சிருக்கு. அப்படிச் சுருண்ட நிலையிலயும் ரெண்டு கண்ணும் வெளிய பாத்துட்டு இருக்கு. உள்ள பத்திரமா இருந்துக்கிட்டே ஆபத்து போயிடுச்சான்னு அதால பாத்திருக்க முடியும்.

நகைக்கடைக்காரங்க வெச்சிருக்கற மாதிரி பத்து மடங்கு பெருக்கற ஒரு லூப்பை வெச்சு அந்தக் கண்ணைப் பாத்தேன், அதுக்கப்புறம் ரொம்ப நேரம் கீழ வெக்கவே மனசு வரல. தும்பி கண்ணுலயோ ஈ கண்ணுலயோ ஆயிரக்கணக்கான லென்ஸ் தேன்கூடு மாதிரி ஒட்டி ஒட்டி இருக்கும், தனியா எதையும் வெறும் கண்ணால பிரிச்சுப் பாக்க முடியாது. பெரும்பாலான ட்ரைலோபைட்டுக்கும் அப்படித்தான். ஃபேகாப்ஸ் கூட்டத்துக்கு மட்டும் வேற மாதிரி, ஒரு கண்ணுல ஏறக்குறைய நூறு லென்ஸ்தான், ஆனா ஒவ்வொண்ணும் பெருசு, உருண்டை, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல சுவர் மாதிரி ஓடு. மாதுளை முத்து வரிசை வரிசையா பதிச்ச மாதிரி இருக்கும். உயிரோட இருக்கற எந்தப் பிராணிக்கும் இதே அமைப்பு கிடையாது.

கால்சைட்ல ஒரு தொந்தரவு இருக்கு. தெளிவான கால்சைட் துண்டு ஒண்ணை நியூஸ்பேப்பர் மேல வெச்சுப் பாருங்க, எழுத்து எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியும், ஏன்னா அது உள்ள வர்ற ஒளியை ரெண்டாப் பிரிச்சிடும். அப்ப கால்சைட் கண்ணு வெச்ச பூச்சிக்கு உலகமே இரட்டையா தெரியணுமே? தெரியாது. படிகத்துல ஒரு திசை மட்டும் இருக்கு, அந்த வழியா ஒளி போனா பிரியாது. ட்ரைலோபைட்டோட ஒவ்வொரு லென்ஸ்லயும் படிகம் சரியா அந்தத் திசை வெளிப்பக்கம் பாக்கற மாதிரி வளந்திருக்கு. இதுக்கு மேலயும் ஒண்ணு இருக்கு. கெட்டியான உருண்டை லென்ஸ்னா ஓரத்துல வர்ற ஒளியும் நடுவுல வர்ற ஒளியும் ஒரே புள்ளியில சேராது, படம் மங்கும். 1975ல எடின்பரோவைச் சேர்ந்த யூவன் கிளார்க்சனும் சிகாகோவைச் சேர்ந்த ரிக்கார்டோ லெவி செட்டியும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இதுல லெவி செட்டி தொழிலால துகள் இயற்பியல்காரர், ட்ரைலோபைட் மேல இருந்த பைத்தியத்துல இதுக்கு வந்தவர். ஃபேகாப்ஸோட நெருங்கின சொந்தக்காரங்க சிலதோட லென்ஸுக்குள்ள அடிப்பக்கம் கிண்ணம் மாதிரி இன்னொரு அடுக்கு இருக்கு, ரெண்டும் சேர்ற இடத்துல ஒரு அலை வளைவு இருக்கு, அந்த வளைவு 17ம் நூற்றாண்டுல டெக்கார்ட், ஹைகன்ஸ்ங்கற ரெண்டு அறிஞர்கள் இந்த மங்கலைப் போக்க காகிதத்துல வரைஞ்ச லென்ஸ் வடிவங்களோட ஒத்துப் போகுதுன்னு காட்டினாங்க. அந்தப் படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சு மொதல்ல பாத்தப்ப எனக்குப் புல்லரிச்சுப் போச்சு, இன்னிக்குப் பாத்தாலும் அப்படித்தான்.

இப்ப சண்டை. 2019ல ஸ்வீடன்ல லுண்ட் பல்கலைக்கழகத்து யோஹன் லிண்ட்கிரென் குழு டென்மார்க்ல கிடைச்ச 5.4 கோடி வருஷப் பழசான ஒரு வகை ஈயோட கண்ணை ஆராஞ்சாங்க. அதுலயும் லென்ஸ் கால்சைட்டா இருந்துச்சு. ஆனா இன்னிக்கு இருக்கற அதே வகை ஈக்கு கால்சைட் லென்ஸ் கிடையாது, அப்ப அது செத்து மண்ணுல புதைஞ்சதுக்கு அப்புறம் வந்த கால்சைட்டாத்தானே இருக்கணும், ட்ரைலோபைட் கண்ணும் ஏன் அப்படி இருக்கக் கூடாதுன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். ட்ரைலோபைட்காரங்க பதிலுக்கு, ட்ரைலோபைட்டோட உடம்பு ஓடு முழுக்கவே உயிரோட இருந்தப்பவே கால்சைட்தானே, ஈ ஓட்டுல அது இல்லையே, கண்ணு மட்டும் எப்படி வேறயாகும்னு எதிர்வாதம் வெச்சாங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் வலுவாத் தெரியுது, படிகத்தோட திசை ஒவ்வொரு லென்ஸ்லயும் அவ்வளவு ஒழுங்கா அமைஞ்சது தற்செயலா மண்ணுக்குள்ள நடந்திருக்கும்னு நம்ப முடியல.

இதைவிட என்னைத் தொட்ட கதை இன்னொண்ணு. வில்ஹெல்ம் ஸ்டூர்மர்னு ஒருத்தர், சீமென்ஸ் கம்பெனியில எக்ஸ்ரே பிரிவுல பெரிய பொறுப்புல இருந்தவர், ஃபாசில் அவருக்குத் தொழில் இல்ல, ஆசை. ஜெர்மனியில ஹுன்ஸ்ரூக்னு ஒரு மலைப்பகுதி, கூரைக்குப் போடற ஸ்லேட் கல்லு வெட்டற இடம், அங்க ஃபாசில் எல்லாம் பைரைட்டா, அதாவது இரும்பும் கந்தகமும் சேந்த கனிமமா மாறியிருக்கும், அதனால கல்லை உடைக்காமலே எக்ஸ்ரேல தெரியும். இவர் ஒரு ஃபோக்ஸ்வேகன் வேன்ல எக்ஸ்ரே மிஷினை ஏத்திக்கிட்டு குவாரி குவாரியாப் போய்ப் படம் எடுத்தார். 1970கள்ல ஃபேகாப்ஸ் கண்ணுக்கு அடியில நார் நாரா ஏதோ போறதைப் பாத்துட்டு இது பார்வை நரம்பு சம்பந்தப்பட்டதுன்னு சொன்னார். நரம்பு மாதிரி மெத்துனு இருக்கற எதுவும் ஃபாசில் ஆகாதுன்னு துறைக்காரங்க யாரும் அதை ஏத்துக்கல. அவர் 1986ல இறந்துட்டார். 2021ல கொலோன் பல்கலைக்கழகத்து பிரிகிட்டே ஷூனமான், கிளார்க்சனோடயும் மத்தவங்களோடயும் சேந்து அந்தப் பழைய எக்ஸ்ரே படங்களை எடுத்துத் திரும்பப் பாத்தாங்க. ஒவ்வொரு பெரிய லென்ஸுக்கும் அடியில குறைஞ்சது 6 குட்டி முகப்பு வெச்ச ஒரு தனி கூட்டுக் கண்ணே, அதாவது தும்பி கண்ணு மாதிரி ஒண்ணே இருக்குன்னும், ஸ்டூர்மர் பாத்த நார் நிஜமாவே நரம்போட தடயம்தான்னும் சொன்னாங்க. அதாவது நூத்துக்கணக்கான சின்னச் சின்ன கூட்டுக் கண்ணு சேந்த ஒரு பெரிய கண்ணு. ஒரு படத்துல ஸ்டூர்மர் தன் கையால சிவப்புப் பேனாவுல அந்த இடத்தைக் காட்டி அம்புக்குறி போட்டு வெச்சிருந்தார். அவர் அதைப் பாத்திருக்கார். யாராவது திரும்ப வந்து பாப்பாங்கன்னு அம்புக்குறி அரை நூற்றாண்டு அங்கயே இருந்திருக்கு.

இப்ப உங்க ரெண்டாவது கேள்விக்கு வரேன், அதுக்கு முன்னாடி இந்த ஃபாசில் எல்லாம் எப்படிச் சேந்துச்சுன்னு தெரியணும். நண்டு, இறால் மாதிரியே ட்ரைலோபைட்டும் வளர வளர ஓட்டைக் கழட்டிப் போடும், கண்ணோட லென்ஸையும் சேத்துக் கழட்டிட்டு ஒவ்வொரு தடவையும் புதுசா வளத்துக்கும். ஒரே பூச்சி வாழ்நாள்ல பல ஓடு போட்டுட்டுப் போகும், அதனால குவாரியில கிடைக்கறதுல பெரும்பகுதி செத்த உடம்பு இல்ல, கழட்டின சட்டை. ஃபேகாப்ஸ்ல இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கு. மத்த பல ட்ரைலோபைட்டுக்குத் தலை ஓட்டுல ஒரு தையல் மாதிரி கோடு இருக்கும், அது பிரிஞ்சு வெளிய வரும். ஃபேகாப்ஸுக்கு அது ஒட்டிப் போயிருக்கு, அதனால தலை ஓட்டை முழுசாக் கழட்டித் தலைகீழா தள்ளிட்டுத்தான் வெளிய வரும். தலை இல்லாத உடம்பும் பக்கத்துல மல்லாந்து கிடக்கற தலையும் பாத்தீங்கன்னா அது சாவு இல்ல, சட்டை உரிச்ச இடம். என்னோடது மாதிரி சுருண்டு முழுசா கிடைச்சா அது நிஜ உடம்பு, சட்டுனு சேறு வந்து மூடியிருக்கு, பயந்து சுருண்டுச்சு, அப்படியே புதைஞ்சிடுச்சு. நியூயார்க்ல ஹாமில்டன்னு சொல்ற பாறை அடுக்குகள்ல ஒரே சைஸ் ரானா கூட்டம் கூட்டமா கிடைக்கறதை ஸ்பேயர், பிரெட்ங்கற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1985ல விவரமா எழுதினாங்க, ஓடு உரிக்கவும் இனச்சேர்க்கைக்கும் ஒரே நேரத்துல ஒண்ணு கூடியிருக்கும்னு அவங்க கணிப்பு, இன்னிக்கும் சில நண்டு இனங்கள் அப்படிக் கூடும்.

இப்படி ஆயிரக்கணக்குல கிடைக்கறதாலதான் நைல்ஸ் எல்ட்ரெட்ஜ்ங்கற மாணவர் 1960கள் கடைசியில இதைத் தேர்ந்தெடுத்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்துல முனைவர் பட்டத்துக்குப் படிச்சிட்டு இருந்தார். ஒரே பூச்சி, பல மில்லியன் வருஷப் பாறை, நியூயார்க்ல இருந்து ஒஹையோ, மிச்சிகன், அயோவா, கனடாவோட ஒண்டாரியோ வரைக்கும் பரவின ஆழமில்லாத ஒரு உள்நாட்டுக் கடல். கீழ் அடுக்குல இருந்து மேல் அடுக்கு வரைக்கும் சேகரிச்சு வரிசையா வெச்சா உருவம் கொஞ்சம் கொஞ்சமா மாறறது தெரியும்னு எதிர்பார்ப்பு, டார்வின் சொன்னது அதானே. தலையை அளந்தார், வாலை அளந்தார், கீழ இருக்கறதும் மேல இருக்கறதும் ஒண்ணாவே இருந்துச்சு. ஆய்வே வீணாப் போச்சோன்னு கவலைப்பட்டதா அவரே பின்னாடி சொல்லியிருக்கார்.

கடைசியில மாற்றம் கிடைச்சது கண்ணுல. லென்ஸ் எல்லாம் மேல இருந்து கீழா வரிசை கட்டி நிக்கும், ஒரு வரிசைக்கு அஞ்சாறு இருக்கும். பூச்சி வளர வளர லென்ஸ் கூடும், ஆனா வரிசை எத்தனைங்கறது சின்ன வயசுலயே நிலைச்சிடும், அதனால அதை நம்பி எண்ணலாம். பழைய அடுக்குல ஒரு கண்ணுக்கு 18 வரிசை. அப்புறம் 17. அப்புறம் 15. அவ்வளவுதான் மாற்றம். ஆனா அது நடந்த விதம்தான் அவரைப் புடிச்சு நிறுத்துச்சு. உள்நாட்டுக் கடல்ல, அதாவது ஒஹையோ மிச்சிகன் பக்கம், 18 வரிசைக்காரங்க நீண்ட காலம் அசையாம அப்படியே இருக்காங்க, அப்புறம் கடல் வத்துது, திரும்பத் தண்ணி வந்தப்ப திடீர்னு 17 வரிசைக்காரங்க இருக்காங்க, நடுவுல ஒண்ணும் இல்ல. அதே நேரம் கிழக்கு ஓரத்துல நியூயார்க்ல ஒரு இடத்துல மட்டும் 18ம் 17ம் கலந்து, 18வது வரிசை அரைகுறையா இருக்கற கண்ணுங்க கிடைச்சுது. அவர் புரிஞ்சுக்கிட்டது இது: மாற்றம் ஓரத்துல ஒரு சின்னக் கூட்டத்துல சீக்கிரமா நடந்திருக்கு, அந்தப் புதுசு அப்புறம் உள்ள பரவியிருக்கு, உள்ள உக்காந்து பாக்கறவனுக்கு அது திடீர்னு வந்த மாதிரி தெரியுது. சீக்கிரம்னா பாறைக் கணக்குல, சில ஆயிரம் வருஷம்.

இதை 1971ல எழுதினார், 1972ல ஸ்டீபன் ஜே கூல்ட்ங்கற இன்னொரு ஃபாசில் ஆராய்ச்சியாளரோட சேந்து எழுதினதுதான் உலகம் முழுக்கச் சண்டையைக் கிளப்பிச்சு. இனங்கள் பெரும்பாலும் நெடுங்காலம் மாறாம இருக்கும், நடுநடுவுல குறுகின காலத்துல புது இனம் பிரியும்ங்கற கருத்து. இடைப்பட்ட வடிவம் கிடைக்கலன்னா பாறைப் பதிவுல ஓட்டைன்னு அதுவரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க, டார்வினே அப்படித்தான் சொன்னார். இவங்க மாறாம இருக்கறதையும் ஒரு கண்டுபிடிப்பா எழுதுங்கன்னு சொன்னாங்க. எல்லா இனத்துக்கும் இது பொருந்துதான்னா, இல்ல, மெதுவா மாறின பிராணிகளுக்கும் நல்ல சான்று இருக்கு. இதைக் காட்டி பரிணாமமே பொய்னு சிலர் பேசறதைப் பாத்தா எனக்கு ஆத்திரம் வரும், 18 வரிசையில இருந்து 17 வந்தது பரிணாமம் இல்லாம வேறென்ன. ஸ்ட்ரூவே புதுப் பேரினத்துக்கு எல்ட்ரெட்ஜ் பேரை வெச்சது இந்த வேலைக்கான மரியாதை.

அழிவையும் சொல்லிடறேன். சுமார் 37 கோடி வருஷம் முன்னாடி டெவோனியன் கடைசிப் பகுதியில கடல்ல ஒரு பெரிய அழிவு, ஆக்சிஜன் குறைஞ்ச தண்ணி பரவினது அதுல ஒரு காரணம்னு சொல்றாங்க. அந்தக் காலகட்டத்துல ஃபேகாப்ஸ் கூட்டத்துலயே கண்ணு சின்னதாகி, சிலதுக்கு முழுசாவே போயிடுச்சு. போலந்துல கோவாலா குவாரியில ட்ரைமெரோசெஃபாலஸ்னு குருட்டு ட்ரைலோபைட் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரிசையா போன நிலையில ஃபாசிலாகி இருக்கு, ஒரு வரிசையில 19 வரைக்கும், ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டுப் போயிருக்கும்னு நினைக்கறாங்க. அந்த அளவுக்குக் கண்ணு வெச்சிருந்த ஒரு வம்சம் இப்படி இருட்டுல தடவித் தடவிப் போனதைப் படிச்சப்ப மனசு என்னமோ பண்ணுச்சு. அப்புறம் டெவோனியன் முடியறப்ப, 36 கோடி வருஷம் கிட்ட, இன்னொரு அழிவு வந்து ஃபேகாப்ஸ் கூட்டம் மொத்தமா முடிஞ்சது. வேற ஒரு சின்ன ட்ரைலோபைட் கிளை மட்டும் இன்னும் பத்து கோடி வருஷம் ஓட்டிச்சு.

கடைசியா உங்க கையில இருக்கறது. மொராக்கோவுல அல்னிஃப், எர்ஃபூத் பக்கம் இதுதான் நிறைய பேருக்குப் பொழப்பு, நல்லதும் வருது, போலியும் வருது. ஃபேகாப்ஸ்னு விக்கறதுல பலது உண்மையில வேற பேரினம், பெருசா உள்ளங்கை அளவு இருந்து உடம்பெல்லாம் முண்டு முண்டா இருந்தா அது ட்ரோடாப்ஸா இருக்கும், அதுவும் சொந்தக்காரன்தான், நஷ்டம் இல்ல. போலியான்னு பாக்க லூப் வேணும். நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கேன், ஒரு கண்காட்சியில வாங்கினது, வீட்டுக்கு வந்து பாத்தா ஓட்டுல குட்டிக் குட்டி காத்துக் குமிழி ஓட்டை, கார் டிங்கரிங் கடையில தடவற பட்டி மாதிரி ஒண்ணை அச்சுல ஊத்திக் கல்லுல ஒட்டியிருக்காங்க. நிஜ ஃபாசிலை எடுக்கறப்ப கல்லு உடையும், உடைஞ்சதை ஒட்டுவாங்க, அந்த விரிசல் கல்லுலயும் பூச்சி மேலயும் தொடர்ச்சியா போகும். விரிசல் கல்லுல மட்டும் இருந்து பூச்சிக்கிட்ட வந்து நின்னுட்டா சந்தேகப்படுங்க. ஓடும் கல்லும் சேர்ற ஓரத்துல பசை மாதிரி நிறம் மாறுதான்னும் பாருங்க. எல்லாத்துக்கும் மேல கண்ணைப் பாருங்க, அச்சுல வார்த்ததுல லென்ஸ் மொழுமொழுன்னு ஒண்ணோட ஒண்ணு கரைஞ்ச மாதிரி இருக்கும், நிஜத்துல ஒவ்வொண்ணும் தனியா, ஓரம் கூர்மையா, நடுவுல சுவரோட நிக்கும்.

அது நிஜம்தான்னு தெரிஞ்சா, ஒரு பக்கமா வெளிச்சம் விழற மாதிரி ஜன்னல் ஓரமா வெச்சு, முன்னாடி ஓரத்துல இருந்து ஆரம்பிச்சு வரிசையை எண்ணுங்க, ரெண்டு கண்ணையும் எண்ணுங்க. ஒரு ஊசி முனையை வரிசை வரிசையா நகத்திக்கிட்டே போனா குழப்பம் வராது. என்னோட ரானாவுக்கு 17 வந்துச்சு.